உனக்கு வைத்திருந்த அத்திப்பழம்

மலை எல்லை, சிலி பக்கம்,
செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

அன்பு மகள் நோயெலியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை பத்ரீசியோவும் குட்டி அம்பாரோவும் சுகம்தானே? நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் எனக்கு முதுகு விட்டுப்போயிற்று, சரியாகத் தூங்கி நாளாயிற்று, உன் அப்பாவோடு கத்திக் கத்தித் தொண்டையும் போய்விட்டது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாங்கள் உன் நாட்டுக்குள் வந்துவிட்டோம். மலை எல்லையில், சுங்கக் கொட்டகையைத் தாண்டி லாரிகள் நிற்கும் இடத்தில் எங்கள் வண்டி நிற்கிறது. உன் ஊர் லிமாச்சேக்கு இங்கிருந்து மூன்று மணி நேரம்தானாம்.

நீ தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டாய். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் இருந்த விலாசம் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் லாரிக்காரர் அன்செல்மோ துறைமுகத்துக்குப் போகிறார். உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறாராம். "குடுங்கக்கா, கதவைத் தட்டி கையிலயே குடுத்துட்டுப் போறேன்" என்றார். நல்ல மனுஷர். அவருக்கு ஒரு வாய் சோறு போட்டு அனுப்பு.

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு பழைய பள்ளிக்கூட பஸ்ஸை வாங்கி வீடாக்கினார். உனக்கு எழுதியிருந்தேனே. அடுப்பு, கட்டில், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவர் கைவேலைதான். கட்டில் என் உயரத்துக்கு ஒரு சாண் குறைவு. சொன்னால், "காலை மடக்கிப் படு" என்பார். தெற்கே ஏரிகளைப் பார்க்கப் போகிறோம் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கிளம்புகிற அன்று விடியற்காலையில் பார்க்கிறேன், ஏணி போட்டு ஏறி அத்திப்பழம் பறித்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொன்றாக, காம்பு போகாமல், கூடையில் இலை பரப்பி அடுக்கினார். பக்கத்தில் ஒரு ஜாடி தேன். அவர் சர்க்கரை நோயாளி, நான் அத்திப்பழம் தொடமாட்டேன். பிறகு யாருக்கு என்று எனக்குப் புரியாதா? பெரிய சாலை வந்ததும் தெற்கே போகவேண்டிய வண்டியை வடக்கே திருப்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. கேட்டிருந்தால், வீம்புக்காகவே மறுபடி தெற்கே திருப்பியிருப்பார்.

நம் பக்கத்து மெண்டோசா நகரம் தாண்டி மலை ஏற ஏற வண்டி இருமியது. நடுநடுவே நிறுத்தி அதன் சூட்டை ஆற்றினோம், எங்கள் சூட்டையும் ஆற்றிக்கொண்டோம். சுரங்கப்பாதை தாண்டினால் வரிசை. எல்லை வரிசையில் நம்மவர்கள் எப்படி என்று உனக்குத் தெரியும். தின்பண்டம் எதையும் உள்ளே விடமாட்டார்களே, அதிகாரி கையில் ஒரு ஆரஞ்சு கூடச் சிக்கக்கூடாது என்று வழி நெடுகத் தின்பார்கள். முன்னால் ஒரு குடும்பமே ரோட்டோரம் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற கோர்தோபா ஊர்க்காரி முழ நீளத்துக்கு உப்புக்கறிச் சலாமியை என் கையில் திணித்து, "தின்னுங்கக்கா, இல்லாட்டி குப்பைக்குத்தான் போகும்" என்றாள். நானும் தின்றேன், என்ன செய்ய! அப்பாவிடம், அந்தக் கூடையையும் நாலு பேருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "பொண்ணுக்கு அப்பன் கொண்டுபோற பழத்தை எவன் தடுப்பான்?" என்றார். எழுபது வயதாகிறது, ஒருதரம் கூட எல்லை தாண்டாத மனுஷன். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

பழத்தை மறைக்கவும் இல்லை. வண்டிக்குள் ஏறிய பெண் அதிகாரியிடம் கூடையைத் தானே எடுத்து நீட்டி, "வீட்டு மரத்துப் பழம்மா, சந்தைச் சரக்கு இல்ல. என் பொண்ணுக்கு" என்றார். அந்தப் பெண்ணும் பாவம், மரியாதையாகத்தான் பேசினாள். "பழம், தேன் எதுவும் உள்ள விடக்கூடாதுங்க ஐயா. பூச்சி வந்துடும். தொட்டியில போட்டுடுங்க, இல்லேன்னா இங்கயே சாப்பிட்டுடுங்க" என்றாள். அவ்வளவுதான், "பூச்சியா? என் மரத்துலயா?" என்று ஆரம்பித்தார். பின்னால் இருந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. குப்பைத் தொட்டி பக்கத்திலேயே இருந்தது. போய் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

வண்டிப் படியில் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தார், நோயெலியா. சர்க்கரை வந்ததிலிருந்து காப்பியில் கூட இனிப்பு சேர்க்காதவர். பழத்தைப் பிய்த்துத் தேனில் தோய்த்து, மாத்திரை விழுங்குகிற மாதிரி விழுங்கினார். நான் கூடையைப் பிடித்து இழுத்தேன். "தள்ளிப் போ எல்விரா, அவளுக்கு வச்சதைக் குப்பையில போட என்னால முடியாது" என்றார். அந்தப் பெண்ணே பயந்துபோய், "போதும் ஐயா, போதும்" என்றாள். கேட்கிற ஆளா! கண்ணில் தண்ணீர் வழிந்தது. தேன் புரையேறிவிட்டதாம். எனக்கு ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம் அழுகை. அத்தனை பேர் வேடிக்கை பார்க்க நானும் அங்கேயே நின்று அழுதேன்.

முத்திரை குத்தி வண்டியை உள்ளே விட்டுவிட்டார்கள். கொஞ்ச தூரம் போவதற்குள் நாக்கு வறண்டு, கண் இருட்டி, ஸ்டீயரிங்கிலேயே சாய்ந்துவிட்டார். நல்லவேளை, வண்டியை ஓரம் கட்டியிருந்தார். முதலுதவி அறையிலிருந்த நர்ஸ் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு அவரைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினாள். ஊசி போட்டிருக்கிறார்கள். இப்போது பயப்பட ஒன்றுமில்லை, நீ கலங்காதே. நாளைக் காலை வரை வண்டி ஓட்டக்கூடாது, அவ்வளவுதான். எனக்கு ஓட்டத் தெரியாது. தெரிந்தாலும் கீழே இருக்கிற கொண்டை ஊசி வளைவுகளில் அந்த பஸ்ஸை இறக்க என்னால் ஆகாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காலையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே போகப்போகிறாராம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஏன் என்றால், "வெறுங்கையோட அவ வாசல்ல போய் என்னன்னு சொல்லி நிக்கிறது?" என்கிறார். பேத்தியைப் பார்க்க வந்தேன் என்று சொல்லுங்களேன் என்றேன். "அதைச் சொல்ற வாய் எனக்கு இல்ல. மலையைத் தாண்டினா எனக்கு மகளே இல்லன்னு சொன்ன வாய் இது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பழக்கூடை இருந்திருந்தால் அதைக் கொடுக்கிற சாக்கில் உள்ளே வந்திருப்பார். அதையும் தின்று தீர்த்துவிட்டார்.

நீ பட்டது எனக்குத் தெரியும் கண்ணே. பத்ரீசியோவோடு நீ கிளம்பிய அன்று அவர் சொன்னது தப்பு. உன்னிடம் மன்னிப்புக் கேட்பார் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். இந்த ஜன்மத்தில் அந்த வார்த்தை அவருக்கு வராது. ஆனால் இன்னொரு தடவை இந்த மலையை ஏற அவருக்கும் தெம்பு இல்லை, எனக்கும் இல்லை. அவர் திரும்பிப் போனால் அதோடு போயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

விடிவதற்கு முன்னாலேயே கிளம்பி வந்துவிடு. கோபமாக இருந்தால் கோபத்தோடேயே வா. பத்ரீசியோ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, குழந்தைக்கு மட்டும் கனமான சட்டை போடு, இங்கே காற்று அறுக்கிறது. பலகாரம் எதுவும் எடுத்து வராதே. நாங்கள் வெள்ளைப் பஸ், பக்கவாட்டில் பச்சைக் கோடு. முடிந்தவரை அவரைத் தாமதப்படுத்துகிறேன், காப்பியைக் கொட்டியாவது. அப்படியும் அவர் வண்டியை எடுத்துவிட்டால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எதிரில் வந்து நில். பயப்படாதே, பிரேக் நன்றாகப் பிடிக்கும். நிறுத்தாமல் போக அவருக்கு மனசு வராது.

கடவுள் உன்னையும் குழந்தையையும் குறைவில்லாமல் வைக்கட்டும். வா மகளே.

உன் அம்மா,
எல்விரா