நான்காம் குடிலுக்கு மூன்று படிகள்

ஜனவரி 9, வியாழன்

மூன்று நாளாக மழை. நகரசபையில் என் கட்டட பர்மிட் கவுண்டருக்கு இன்று வந்தவர்கள் மொத்தம் நாலு பேர். அதில் ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவர். கடைசியாக வந்தவர் சர்ச் பாஸ்டர் இங்கா. வீடில்லாதவர்களுக்காக, சர்ச்சில் கார் நிறுத்தும் இடத்தில் ஏழு மரக்குடில்கள் போட வேண்டுமாம், கொஞ்ச காலத்துக்கு. எங்கள் நகரசபை விதிப்புத்தகத்தில் 'கொஞ்ச காலம்' என்று ஒன்று கிடையாது. மனிதன் படுத்துத் தூங்கினால் அது வீடு. வீடு என்றால் அஸ்திவாரம், சாக்கடை இணைப்பு, வேலியிலிருந்து இருபதடி இடைவெளி. நாய் தூங்குவதென்றால் ஒன்றும் வேண்டாம்.

பாஸ்டருக்கு முகம் செத்துவிட்டது. பாவமாக இருந்தது. ஆனால் அதைவிட, என் புத்திசாலித்தனத்தைக் காட்டும் ஆசைதான் பெரிதாக இருந்தது. குனிந்து, "சக்கரம் வெச்சிடுங்க" என்றேன். சக்கரம் இருந்து, தரையோடு பிணைக்காமல் இருந்தால் அது கட்டடமே இல்லை, வண்டி. வண்டிக்கு என் மேசையில் வேலை இல்லை.

"கார்டி, நீ பொல்லாதவன்ப்பா" என்றார். இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே விருது.

ஜனவரி 11, சனி

மதுக்கடையில் சக்கரக் கதையை மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை, முதலில் கேட்ட ஆளிடமே.

ஜனவரி 28, செவ்வாய்

குடில்கள் வந்துவிட்டன. பழைய படகு டிரெய்லர்களின் மேல் உட்கார்ந்திருக்கின்றன, முட்டையிடலாமா வேண்டாமா என்று யோசிக்கும் கோழிகளைப் போல. வேடிக்கை பார்க்கப் போனேன். யாராவது கேட்டால் ஆய்வு.

சக்கரத்தால் வாசல் இரண்டடி உயரத்தில் நிற்கிறது. மூன்று படி. நான்காம் குடிலில் வெர்னா ஸ்டுக்கல், அறுபத்து மூன்று வயது. மீன் ஆலையில் முப்பது வருஷம் ஈரத்தில் நின்று இடுப்பு போனவர். போன இரண்டு வருஷமாக ஆற்றுப் பாலத்தடியில் இருந்தார். படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாகவே ஏறினார்.

"என்னய்யா பாக்கறே, நகரசபைக்காரரே? மகாராணி இப்படித்தான் சிம்மாசனம் ஏறுவா."

மேலே போய் மூச்சு வாங்கிவிட்டு, "சக்கரம் வெக்கச் சொன்ன மேதாவி யாராம்?" என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அடக்கமாக இருந்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

சர்ச் ஆட்கள் வெர்னாவுக்குப் படிக்குப் பதிலாக, சரிவாக இறங்கும் ஒரு மரச் சாய்தளம் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வாரமாக அவர் கைத்தடியோடு ராணியைப் போலவே இறங்கி வருகிறாராம். பக்கத்து வீட்டு லோவெல் புரூவிட் அதைப் பதினோரு கோணத்தில் படமெடுத்து எங்களுக்கு அனுப்பிவிட்டார். மனைவி போனதிலிருந்து லோவெலுக்கு வேலிதான் டிவி.

மேலாளர் டுவைட் படத்தை என் மேசையில் போட்டார். "இதப் பாருய்யா. கால் நட்டுத் தரையில பதிச்சிருக்காங்க. குடிலோட போல்ட்டு வேற. இப்ப இது வண்டியா, கட்டடமா?"

"கட்டடம்."

"ஒண்ணு கட்டடம்னா, மத்த ஆறு?"

ஒன்று கட்டடமானால் அந்த இடமே குடியிருப்பு. குடியிருப்பானால் ஏழுமே போக வேண்டும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"சாய்தளத்த எடுக்கச் சொல்லி நீயே நோட்டீஸ் எழுதிடு. நீதான் அழகா எழுதுவ."

பிப்ரவரி 14, வெள்ளி

காதலர் தினம். எனக்கு வந்த ஒரே வாழ்த்து அட்டை பல் டாக்டரிடமிருந்து. நான் அனுப்பிய ஒரே கடிதம், நோட்டீஸ். பத்து நாள் கெடு.

பிப்ரவரி 19, புதன்

அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு குடிலுக்குப் போனேன். கழற்றி மாட்டும் சாய்தளமாகப் போட்டால்? அதற்கும் விதி: ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம். இருபத்துநாலு அடி வரும், தீயணைப்பு வண்டி வரும் வழியில் போய் நிற்கும். சக்கரத்தைக் கழற்றிக் குடிலையே கீழே இறக்கினால்? இறக்கினால் கட்டடம். முடிச்சைப் போட்டவன் நான். அவிழ்க்கத் தெரியவில்லை.

"அளந்தியா? என்ன வந்துச்சு?" என்றார் வெர்னா.

"இருபத்துநாலு அடி வேணும்."

"எனக்கு ரெண்டடி எறங்கினாப் போதும்."

பிப்ரவரி 24, திங்கள்

சாய்தளத்தைக் கழற்றிவிட்டார்கள்.

மார்ச் 6, வியாழன்

பாஸ்டர் சொல்லித்தான் தெரியும். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வெர்னா தண்ணீர்கூடக் குடிப்பதில்லையாம். கழிப்பறை அந்தக் கோடியில் இருக்கிறது, ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் அவரால் இறங்கி ஏற முடிகிறது.

இதில் எழுத வேடிக்கை ஒன்றும் இல்லை.

நான் என்ன செய்திருக்கணும்? அந்தப் படத்தைப் பார்க்காத மாதிரி இருந்திருக்கலாமோ — டுவைட்தான் பார்த்துட்டாரே. சரி, ஜனவரியிலேயே வாயை மூடிட்டு இருந்திருந்தா? ஏழு பேரும் மழையில. எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே நிக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

விதியில் சேர்க்க ஒரே ஒரு வாக்கியம் எழுதினேன்: தற்காலிகக் குடிலுக்கான சாய்தளத்தைக் கட்டடமாகக் கொள்ளலாகாது. தீயணைப்பு வழியையும் கொஞ்சம் நகர்த்தி வரைந்து கொடுத்தேன். மாலை நகரசபைக் கூட்டம். பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். லோவெல் மூன்றையும் தன் வீட்டு விலையைப் பற்றியே பேசினார். வெர்னா எழுந்து, "எனக்கு இடுப்பு சரியில்ல. வாசல் ஒசரமா இருக்கு. அவ்வளவுதான்" என்றுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மிச்சமிருந்த நேரத்தில் உறுப்பினர்கள் தாள்களைப் புரட்டினார்கள்.

அறுபது நாள் பரிசீலனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மார்ச் 23, ஞாயிறு

நான்காம் குடில் காலி. வியாழக்கிழமையே போய்விட்டாராம். பாலத்தடியில் தேடிப் பிடித்தேன்.

"அங்க பூட்டு இருக்கு, ஹீட்டர் இருக்கு. எதுக்கு வெர்னா இங்க வந்தீங்க?"

"எல்லாம் இருக்கு. இங்க படி இல்ல."

ஏப்ரல் 15, செவ்வாய்

மழை. கவுண்டரில் யாரும் இல்லை. நானும் யாரையும் சிரிக்க வைக்கவில்லை.

மே 12, திங்கள்

என் வாக்கியம் நிறைவேறிவிட்டது. ஆதரவாக ஐந்து, எதிராக இரண்டு. டுவைட் முதுகில் தட்டினார். வலித்தது.

மே 16, வெள்ளி

நான்காம் குடிலின் புதுச் சாய்தளத்தைப் பரிசோதித்தேன். இருபத்துநாலு அடி. சரிவு சரி, கைப்பிடி சரி. அங்கே இப்போது இருபத்தாறு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். வாசலிலிருந்து ஒரே தாவாகத் தாவிப் பக்கவாட்டில் குதிக்கிறான். சாய்தளத்தில் அவன் சைக்கிள் நிற்கிறது. கையெழுத்துப் போட்டேன்.

தானாக வெளியேறியவர் திரும்பி வர, காத்திருப்போர் பட்டியலின் அடியில்தான் சேர வேண்டும் என்பது சர்ச் விதி. வெர்னா முப்பத்தெட்டாவது.

மே 18, ஞாயிறு

பாலத்தடிக்குப் போய்ச் சொன்னேன். "சாய்தளத்துக்கு அனுமதி கெடைச்சிடுச்சு."

"நல்லது. யாருக்கு?"

சொன்னேன். பையன் குதிப்பதையும் சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன், வெட்கங்கெட்டவன்.

அவர் கூடாரத்தில் புதிதாக ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. எங்கள் அலுவலகத்துத் தாள், வேறு பிரிவு. செவ்வாய்க்கிழமைக்குள் பாலத்தடியைக் காலி செய்ய வேண்டும். வெர்னா கூடாரக் கம்பிகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். துணியின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார்.

"இந்த ஊர் விதியெல்லாம் உனக்கு மனப்பாடமாச்சே கார்டி. இத எங்க கொண்டுபோய்ப் போடலாம்? நீயே சொல்லு."

வரைபடத்தை மனதுக்குள் விரித்தேன். ஆற்றங்கரை, பூங்கா, ரயில் பாதை ஓரம், பழைய மீன் ஆலை, துறைமுகம். ஒவ்வொன்றிலும் ஒரு விதி மறித்தது; ஒவ்வொரு தெருவாகப் பார்த்துக்கொண்டே போனேன். துணியை விடாமல், முதல் தெருவிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை.