லேகிய வழக்கு

அன்புள்ள அக்கா,

பக்கத்து ஃபிளாட்டில் லேகியம் கிண்டுகிறார்கள். மகளின் பிரசவத்துக்காக ஊரிலிருந்து விசிட் விசாவில் வளைகுடாவுக்கு வந்திருக்கும் ஓர் அம்மா காலையிலிருந்து அடுப்படியிலேயே நிற்கிறார். கருப்பட்டியும் சுக்கும் நெய்யும் சேர்ந்த வாசனை ஏசி இடுக்கு வழியாக என் அறைக்குள் வந்துவிட்டது. ஜன்னலைத் திறந்து வைத்தேன். கீழே ரோலா பஸ் ஸ்டாண்டின் சத்தமெல்லாம் உள்ளே வந்தது. வாசனை வெளியே போகவில்லை. அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அதே வாசனையுள்ள ஒரு பாட்டிலைத்தான் உங்கள் வீட்டுக்காரர் ததேயு அண்ணன் லீவு முடிந்து ஊரிலிருந்து வரும்போது பையில் வைத்திருந்தார். அன்று நீங்கள் டூட்டியை மாற்றிக்கொண்டு சூரை மீன் குழம்பு வைத்துக் காத்திருந்தீர்கள். அவர் வரவில்லை, போன் வந்தது. லேகிய பாட்டிலுக்காக ஏர்போர்ட்டில் பிடித்து வைத்திருக்கிறார்கள், பயப்படாதே, மருந்து என்று சொல்லிவிட்டேன் என்றார். “உறக்கத்துக்கு உள்ள மருந்துக்கு என்னத்துக்குப் போலீசு?” என்று நீங்கள் சிரித்தீர்கள். ஆனால் அந்தக் குழம்பை நாம் யாருமே தொடவில்லை. உங்கள் அறைக்கும் ஹாலில் பலகையால் மறித்த என் இடத்துக்கும் நடுவே அது ஆறிக் கிடந்தது.

வக்கீல் தேடி அலைந்த நாட்கள் எனக்கு இன்னும் கனவில் வருகின்றன. ஆங்கிலத்தில் பேச நான் வேண்டுமென்று கூட்டிப் போனீர்கள். முதல் ஆபீஸில், என்ன கேஸ் என்று கேட்ட பெண், கஞ்சாவுக்கு இங்கே சொல்லும் ஹஷீஷ் என்ற சொல்லைக் கேட்டதும் பேனாவை மூடி வைத்தாள். அடுத்தவர், தான் லேபர் கேஸ் மட்டும்தான் எடுப்பதாகச் சொல்லி, மிக மரியாதையாக எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் நான் பையிலிருந்து நாவலை எடுத்தேன். “கோர்ட்டு வாசல்லயும் புஸ்தகமா பிள்ளே? அதுல நல்ல வக்கீல் யாராவது இருந்தா விலாசம் கேளு” என்றீர்கள். அந்த நிலையிலும் உங்களுக்குக் கேலி வந்தது.

கடைசியில் ஒரு டைப்பிங் சென்டருக்கு மேல் மாடியில் ஹம்ஸாவைக் கண்டோம். வக்கீல் ஒரு அரபி. கோர்ட்டில் பேசுவது அவர். நம்மைப் போன்றவர்களிடம் பேசுவது மலையாளி கிளார்க் ஹம்ஸா.

“சேச்சி, இது மருந்தா வேற என்னதான்னு கோர்ட்டு கேக்கில்லா. லேப்ல கஞ்சா உண்டுன்னு வந்தா கழிஞ்சு, கதை முடிஞ்சு. இவர் அறிஞ்சு கொண்டு வந்தாரா, அறியாம கொண்டு வந்தாரா, அதுல மட்டும்தான் ஒரு வழி உண்டு.”

“அறியாமத்தான்” என்றீர்கள், அவர் முடிப்பதற்குள்.

“பின்னே எதுக்கு அறிஞ்சுதான்னு ஒப்பிட்டு வச்சிருக்கார்?”

பிடிபட்ட அன்றே அண்ணன் அரபி வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். இந்த மருந்தை எனக்காக நானே கேட்டு வாங்கினேன், உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும் என்று அதில் இருந்தது. ஹம்ஸா வாசித்து முடித்ததும் நீங்கள் மேசையில் ஓங்கி அடித்தீர்கள். “வாசிக்கத் தெரியாத கடதாசியில கையெழுத்து வச்ச பொட்டன்!” ஹம்ஸாவுக்கும் அதுதான் தோன்றியது. அன்று மொழிபெயர்த்தவன் உருதுக்காரன், சொன்னது புரிந்திருக்காது, அதை நீதிபதியிடம் சொன்னால் போதும். வழக்கு முழுவதையும் அந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் நிறுத்தினோம்.

வீட்டுக்கு வந்து சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோதுதான் என்னிடம் சொன்னீர்கள், திரும்பிப் பார்க்காமலே.

“எனக்குத் தெரியும் பிள்ளே.”

“என்னக்கா?”

“அதுல என்ன கெடக்குன்னு. அப்பா லேகியம் கிண்டும்போ அந்த இலைய நெய்யில வதக்கிக் குடுக்கியது சின்னதிலேருந்து நான்தான். எனக்க வீட்டுக்காரருக்கு முதுகு வலி, உறக்கமில்ல. நான்தான் அப்பாவுக்குப் போன் போட்டு, நல்லதா ஒண்ணு கிண்டிக் குடுத்துவிடுங்கன்னு கேட்டேன். ஊர்ல அது மருந்துதானே? இங்க வேற சட்டம்னு யாரு நெனச்சா?”

மறுநாள் ஹம்ஸாவிடம் போய், நான்தான் கேட்டு வாங்கினேன் என்று கோர்ட்டில் சொல்லட்டுமா என்றீர்கள். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். “சேச்சி வாயத் திறந்தா ரெண்டு பேரும் உள்ள போகும். ஊர்ல குட்டி ஒண்ணு உண்டல்லோ? அதுக்கு ஆரு உண்டு?” மகன் பேச்சு வந்ததும் உட்கார்ந்துவிட்டீர்கள். அன்றிலிருந்து உங்களுக்கு ஒரே வழிதான் மிச்சம்: அண்ணன் தனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டும். ஜெயிலில் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து, போனைக் காதில் அழுத்திக்கொண்டு, அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தீர்கள். அவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். “நீ சாப்பிட்டியா?” என்றார்.

விசாரணை அன்று கோர்ட்டில் மலையாள மொழிபெயர்ப்பாளர் இருந்தார். குமரிக்காரருக்கு மலையாளம் புரியாமல் போகுமா என்று நாம் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். பாட்டில் யாருடையது, உள்ளே என்ன இருந்ததென்று தெரியுமா என்று நீதிபதி கேட்டார். அண்ணன் தெளிவாகச் சொன்னார். என்னுடையது. நானே கேட்டு வாங்கினேன். தெரியும்.

நீங்கள் எழுந்திருக்கப் பார்த்தீர்கள். உங்கள் முழங்கை என் விலாவில் இடித்தது. அந்த நேரம் பார்த்து அண்ணன் ஒருமுறை பின்னால் திரும்பினார். நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள்.

வெளியே வந்ததும் ஹம்ஸா தலையில் கை வைத்துக்கொண்டார். “ஞான் எத்தற தடவ சொல்லி!” நான்கு வருடம் என்று தீர்ப்பானது. பயந்துட்டான், நாக்கு குழறிட்டு என்று நீங்கள் அழுதீர்கள். எனக்கு அவர் குரலில் பயம் கேட்கவில்லை.

ஊருக்குத் திரும்பி வரச் சொல்லி உங்கள் அப்பா எவ்வளவோ கேட்டார். நீங்கள் போகவில்லை. ஜெயிலில் பார்க்க விடும் நாள்களுக்கு ஏற்ப டூட்டியை மாற்றி மாற்றி வாங்கினீர்கள். கண்ணாடிக்கு முன்னால் போய் உட்கார்ந்ததும் திட்டுவீர்கள். திட்டி முடித்ததும் மகனின் மார்க்கைச் சொல்வீர்கள். ஆனால் அடுப்படியில் என்னிடம் சொன்னதை அவரிடம் ஒருமுறையும் சொல்லவில்லை. “அந்தப் போனுல வேற யாராவது கேட்டாங்கன்னா?” என்பீர்கள். பிறகு ஒருநாள், “கேட்டா அவரு தாங்கமாட்டாரு பிள்ளே. எனக்கப் பெண்டாட்டியே எனக்கு இதச் செய்தாளான்னு நெனச்சிருவாரு” என்றீர்கள். நிஜமான காரணம் அதுதான்.

அவர் வெளியே வர ஒரு வருடம் இருக்கும்போது, டூட்டி முடிந்து வந்து படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. உங்களைப் பெட்டியில் ஊருக்கு அனுப்பிவிட்டு நான்தான் அவரிடம் சொல்லப் போனேன்.

என்னைப் பார்த்ததும், “அவளுக்கு டூட்டியா?” என்றார். சொன்னேன். அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு மேல் தாங்காமல், அக்கா எப்போதும் உங்களை நினைத்தே இருந்தாங்க, அந்தக் கடதாசியை மட்டும் வாசிக்காமப் போட்டுட்டீங்களேன்னு அழுவாங்க என்று ஏதோ சொன்னேன்.

“எந்தக் கடதாசி தங்கச்சி? அவன் உருதுல கேட்டது நல்லாப் புரிஞ்சுது. பாட்டிலு யாரு தந்தா, வீட்டுல யாருக்குத் தெரியும்னு கேட்டான். நான் எனக்க பேரச் சொன்னேன்.”

“அண்ணே, உங்களுக்கு முன்னாடியே…”

“மாமனாரு வீட்டுத் திண்ணையிலயா நான் வளந்தேன்? கடல்ல கெடந்தவன். வள்ளத்துல பாதிப் பேரு அதத்தான் இழுப்பான். நெய்யில போட்டா அந்த வாசன தெரியாதா? அவ சொல்லித்தான் மாமனாரு கிண்டுதாருன்னும் தெரியும். வேண்டாம்னு சொல்லலாம்னு பாத்தேன். நான் உறங்கணும்னு ஆசைப்பட்டுக் கேட்டிருக்கா. மருந்துதானேன்னு பையில வச்சேன்.”

நேரம் முடிந்ததென்று காவலர் அவர் தோளைத் தொட்டார். அண்ணன் எழுந்தார், போனை வைக்கப் போனார், மறுபடி காதுக்குக் கொண்டுவந்தார்.

“இது அவளுக்குத் தெரியாண்டாம், கேட்டியா தங்கச்சி.”

சரி அண்ணே என்றேன். அவர் வேறென்ன சொல்ல இடம் வைத்தார்? விடுதலையானதும் அவரை அப்படியே விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இப்போது ஊரில் மகனோடு இருக்கிறார். பேசும்போதெல்லாம் என்னிடம் சாப்பிட்டியா என்று கேட்கிறார்; அந்தப் பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை.

சற்றுமுன் பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டி, சின்னக் கிண்ணத்தில் லேகியம் தந்துவிட்டுப் போனார். “வெறும் சுக்கும் கருப்பட்டியும்தாம்மா, பயப்படாம சாப்பிடு” என்றார். நான் ஒன்றும் கேட்கவே இல்லை. என் முகத்தில் என்ன பார்த்தாரோ. கிண்ணம் மேசையில் இருக்கிறது, இன்னும் சூடாக.

உங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்த இரண்டு ரகசியங்களும் என்னிடம்தான் இருக்கின்றன அக்கா. ஒன்றை நீங்கள் தந்தீர்கள், மற்றதை அவர் தந்தார். அவருக்குக் கொடுத்த வாக்கை இன்று மீறுகிறேன். அவருக்குத் தெரியும். பாட்டிலைப் பையில் வைக்கும்போதே தெரியும். தெரிந்துதான் கொண்டு வந்தார்.