விட்டுப்போன சரணம்

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் ரேகாவின் ஸ்தோத்திரம். கர்த்தர் கிருபையால் மஸ்கட்டில் நான் சுகம். குடிகாட்டில் நீங்களும் அம்மாவும் சுகந்தானே?

எங்கள் தமிழ்ச் சபையில் ஆராதனை முடிந்ததும் வாரம் ஒருவர் தமக்குப் பிடித்த புத்தகத்தையோ பாட்டையோ பகிர வேண்டும். போன வாரம் ராஜாமணி அக்கா ஒரு பாட்காஸ்ட் போட்டார்கள். இந்த வெள்ளிக்கிழமை என் முறை. நீங்கள் வாட்ஸப்பில் பாடி அனுப்பிய கீர்த்தனையைப் போட்டேன். எல்லாரும் கூடவே பாடினார்கள். இரண்டாம் சரணத்தோடு உங்கள் குரல் நின்றுவிட்டது. மூன்றாம் சரணத்தை எடுத்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்பாவுக்கு ஏதோ அவசர வேலை போல,” என்று சிரித்துச் சமாளித்தேன். நர்ஸாக இருக்கும் ராஜாமணி அக்கா மட்டும், “கடைசியில இருமுனாங்களே, எத்தினி நாளா இருக்கு?” என்றார்கள்.

ஒரு சரணம் விட்டாலும் நம் ஊர்ச் சபையில் பாடுகிற கொயரையே திட்டுகிறவராயிற்றே நீங்கள். பயப்பட ஒன்றுமில்லை. சிதம்பரத்தில் ஒரு நல்ல டாக்டரிடம் காட்டிவிடுங்கள். போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கிருந்து லீவில் லால்பேட்டைக்குப் போகிற பாய் இதை வாங்கிக்கொள்ள வாசலில் நிற்கிறார். அவர் திரும்பும்போது முந்திரி எதுவும் கொடுத்தனுப்ப வேண்டாம். எக்ஸ்ரே எடுத்தால் அதை மட்டும் கொடுத்தனுப்புங்கள்.

ரேகா