மயிலைக் காளை முட்டவில்லை

சிங்காநல்லூர்
தாது வருஷம் ஐப்பசி 12

சிரஞ்சீவி நஞ்சுண்டனுக்கு உன் ஆத்தா ராசாத்தாள் எழுதுவது. இங்கே நானும் மாடு கன்றுகளும் சுகம், உன் மகன் தம்பிதுரை முக்கால் சுகம். கண்டியில் நீயும் மருமகளும் முழுச் சுகமாயிருக்க மாசாணியம்மனை வேண்டிக்கொள்கிறேன். முக்கால் என்றதும் பதறாதே கண்ணு, முழுக்கப் படித்துவிட்டுப் பதறு.

மில் வேலைக்குப் போன உன் மகன் அங்கே பாக்சிங் என்று ஒன்று பழகிக்கொண்டான். கையில் தலையணை மாதிரி உறை மாட்டிக்கொண்டு, விரோதமே இல்லாத ஒருவனை மூஞ்சியில் குத்துவது, அவனிடம் திருப்பி வாங்குவது, முடிந்ததும் இரண்டு பேரும் கட்டிக்கொள்வது, இதுதான் வித்தை. போன அமாவாசைக்கு மறுநாள், கூட வேலை பார்க்கிற கோட்டைமேட்டு அப்துல் மஜீத் விட்ட குத்தில் இவன் புருவம் பிளந்து விழுந்துபோட்டான். குத்தினவனே குதிரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்து எனக்கும் ஆள் அனுப்பினான். நான் போய்ப் பார்த்தால் குத்தினவன் அழுகிறான், வாங்கினவன் வீங்கின வாயோடு சிரிக்கிறான்.

எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். தை மாதம் ஆனைமலை மருதாசலக் கவுண்டர் மகள் பழனியாத்தாளை இவனுக்கு முடிப்பதாகப் பேச்சிருப்பது உனக்குத் தெரியும். மில்லில் குத்துச்சண்டை போடுகிறவன் என்று அவர் காதில் விழுந்தால் பெண் கொடுப்பாரா? பேரன் வாய் திறக்குமுன், எங்க மயிலைக் காளை முட்டிப்போட்டதுங்க என்று சொல்லிவிட்டேன். டாக்டர் என்னைப் பார்த்தார், மஜீத் தன் கையைப் பார்த்துக்கொண்டான். பிறகு டாக்டர் தையல்காரர் மாதிரி காயத்துக்கு அளவெடுத்து, நான் சொன்னதை ஆஸ்பத்திரி ஏட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு மூஞ்சி வரைந்து, அடிபட்ட இடத்திலெல்லாம் சிவப்பு மையால் குறி போட்டார். அந்தப் படத்து மூஞ்சி உன் மகனைவிட லட்சணம். சொன்னவர் கைநாட்டு வைக்கலாம் என்று கம்பவுண்டர் மைப்பெட்டியை நீட்டினான். ஐந்தாவது படித்தவளாச்சே, பேனாவை வாங்கி முழுப் பேரையும் எழுதிக் கொடுத்தேன்.

எட்டாம் நாள் மருதாசலக் கவுண்டர் வந்து நின்றார், காப்பியைக்கூடத் தொடவில்லை. காளை முட்டின கதையைப் பொள்ளாச்சிச் சந்தையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏனுங்கம்மா, சொந்த ஊட்டுக் காளைகிட்ட நிக்கத் தெரியாத பையனுக்கு நான் எப்படீங்க பொண்ணு குடுக்கறது, எம்பட புள்ள ஒத்தையாளா காளைய அவுத்துக் கட்டுவாளுங்க என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. காளை இல்லீங்க, பாக்சிங்குங்க என்றால் நம்ப மாட்டேனென்கிறார். அன்னைக்கு மாடுன்னீங்க, இன்னைக்கு மனுசன்னு சொல்றீங்க, நாளைக்கு ரயிலும்பீங்களா என்று கேட்டுவிட்டார். விடுவேனா, அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மாட்டை அடித்துவிட்டு மஜீதை எழுதுங்க சாமி என்றேன். எழுதியதை அடிக்க மாட்டேன் என்று டாக்டர் ஏட்டைப் பிரித்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் வாசித்தார். காளை முட்டியதாகப் பாட்டி சொல்கிறார். இடது புருவத்தின் மேல் வெடிப்பு, நீளம் ஒன்றேகால் அங்குலம். கீழுதட்டின் உள்பக்கம் பல் பட்டுக் கிழிசல். மூக்கெலும்பு முறியவில்லை. கொம்பு பட்ட குறி எங்குமில்லை, உறை போட்ட கையால் குத்தினால் இப்படி ஆகும். நோயாளியின் இரண்டு கை விரல் கணுக்களிலும் புது வீக்கம்.

அந்தக் கடைசி வரியை மருதாசலக் கவுண்டர் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். அப்ப மாப்பிள்ளையும் நல்லாத்தான் குடுத்திருக்காருங்க என்று மீசையைத் தடவிக்கொண்டார். வீட்டுக்கு வந்து மூன்று டம்ளர் காப்பி குடித்துவிட்டு, தை பத்தாம் தேதி என்று சொல்லிப் போனார். நேற்று பழனியாத்தாள் சொல்லியனுப்பியிருக்கிறாள். குத்து வாங்கறது அவரு இஷ்டமுங்க, ஆனா வாயில்லாச் சீவன் மேல பழி போடற ஊட்டுல இனி மாட்டை நாந்தான் பாத்துக்குவேனுங்க என்றாளாம். வாய் கொஞ்சம் நீளம், என்னைப் போலவே கெட்டிக்காரி.

ஒரு மாதத்துக்கு அந்த உறையைத் தொடக்கூடாது, தலை வலித்தாலோ வாந்தி வந்தாலோ உடனே கொண்டுவா என்று டாக்டர் உத்தரவு. உறை இரண்டும் என் பெட்டியில் பூட்டிக் கிடக்கின்றன. நீங்கள் மார்கழி முடிவதற்குள் கப்பலேறி வந்துவிடுங்கள். மருமகளுக்கும் உனக்கும் ஆயுசு பெருகட்டும். கண்டியில் நம்மூர்க்காரர் யார் கேட்டாலும் மயிலை முட்டவில்லை என்று சொல், மறந்துவிடாதே. உன் மகன் புருவம் ஆறிவிட்டது, ஆஸ்பத்திரி ஏட்டில் அந்த மாட்டுக் கதைக்குக் கீழே என் பேர்தான் அழகாக அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு, இந்தத் தடவை நிஜத்துக்குக் கீழே கையெழுத்துப் போடும்
உன் ஆத்தா
ராசாத்தாள்