மச்சானிடம் இருந்த பாடசாலை இலக்கம்

1957 ஒக்டோபர் 7, திங்கள்

காலையில் வெயில். மூன்று மணிக்கு இடி, மழை. நான் கணக்கெழுதும் தோட்டக் கந்தோர்க் கூரை மறுபடியும் ஒழுகுகிறது. துரைக்குச் சொன்னால் தலையாட்டுவார். அவர் மேசைக்கு மேலே ஒழுகினால்தான் ஆள் வரும்.

மகள் மலரின் படிவம் வந்தது. இங்கிலாந்துக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கானது. பெயர், பிறந்த திகதி, பாடங்கள், எல்லாம் நிரப்பியாயிற்று. ஒரு கூடு மட்டும் வெறுமை: கடைசியாகப் படித்த பாடசாலையின் இலக்கம். பெயர் எழுதினால் போதாதாம். இலக்கம் இல்லையேல் திருப்பி அனுப்புவார்களாம், தடித்த எழுத்தில். அடுத்த திங்கள் தபாலில் போகாவிட்டால் இந்த வருடம் இல்லை. இன்னொரு வருடம் அவள் வீட்டில் இருந்தால் யாழ்ப்பாணத்திலிருந்து என் தமையன் சாதகக் கட்டோடு வந்து இறங்குவான்.

அந்தப் பாடசாலை பண்டாரவளையில். தலைமை ஆசிரியர் என் மனைவியின் தம்பி ராசன். இனி ரா. முழுப் பெயருக்கு மை செலவழிப்பானேன்.

இவனை ஊரிலிருந்து கூட்டி வந்து, என் அறையில் பாய் போட்டுப் படுக்கவைத்து, நான் படிப்பித்த அதே பாடசாலையில் வேலை எடுத்துக் கொடுத்தவன் நான். எனக்கு வரவேண்டிய தலைமை நாற்காலியில், பாடசாலை முகாமையாளரோடு டெனிஸ் ஆடி ஏறி உட்கார்ந்தான். அன்றே விலகினேன். மலரையும் நிறுத்தினேன். வீட்டில் நானே படிப்பிக்கிறேன். அவன் வீட்டில் பச்சைத்தண்ணீரும் குடியேன் என்று சொன்னது சொன்னதுதான். இரண்டு வருடம்.

எனக்கு இலக்கம் மறந்துபோயிற்று. மலரிடம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும் அப்பா? மாமாவைத்தான் கேக்கவேணும்." புத்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை. தன் பரீட்சை என்ற பதற்றமே இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள்.

8, செவ்வாய்

மப்பு வானம். கந்தோர்ப் பியூன் முத்துசாமியைப் பண்டாரவளைக்கு அனுப்பினேன். வாசல் காவல்காரனிடம் மட்டும் விசாரி, தலைமை ஆசிரியரிடம் மூச்சு விடாதே என்று சொல்லி.

மாலை வந்தான். பல் எல்லாம் வெளியே.

"கெடைச்சிருச்சுங்க ஐயா! கேட்டுலயே பெயிண்ட்ல எழுதியிருக்கு. முப்பத்தொண்ணு."

"முப்பத்தொண்டுக்குப் பிறகு?"

"பிறகு ஒரு கோடுங்க. அப்புறம் ரெண்டு."

நகரசபை வரிக்காகக் கேற்றில் அடித்த இலக்கம். பாடசாலை இலக்கம் அல்ல.

"காவக்காரன் கேட்டானுங்க, ஒங்க ஐயா நேர்ல வரலியே, காலு கீலு சொகமில்லையான்னு."

"நீ என்ன சொன்னாய்?"

"காலு நல்லாத்தான் இருக்குங்கன்னேன்."

போகச் சொன்னேன்.

10, வியாழன்

லீவு. ஹப்புத்தளையில் ரயிலேறி பதுளை. கல்விக் கந்தோர். ஒன்றரை மணி நேரம் மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஒருவர் காலணியைக் கழற்றிவிட்டுக் கால் விரல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்துகொண்டிருந்தார். கிளாக்கர் நம் ஊர்க்காரன், தெல்லிப்பழைப் பக்கம். வெற்றிலை.

"உங்கட மச்சானல்லோ அங்க தலைமை? ஒரு சொல்லுக் கேட்டால் முடிஞ்சுது. இதுக்கோ ரயிலேறி வந்தனியள், மாஸ்டர்?"

இலக்கப் பட்டியல் கொழும்பில். எழுதிக் கேட்டால் இரண்டு கிழமை, பதினாலு நாள். பக்கத்து மேசைக்காரனிடம் ஏதோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள். பதுளை முழுவதும் தெரிந்திருக்கிறது.

இன்று அருவருத்தவை:
கிளாக்கரின் பல்.
ஸ்டேசன் வடை. போன கிழமை எண்ணெய்.
ரயிலில் எதிர் சீற்றில் இருந்தவரின் புத்திமதி.
பெயரை நம்பாமல் இலக்கத்தை நம்பும் வெள்ளைக்காரன்.
ரா.

12, சனி

கடும் மழை. ஹல்துமுல்லைப் பக்கம் மண் சரிந்து பஸ் இரண்டு மணி நேரம் பிந்தியதாம்.

மனைவி அடுப்படியில் தேவாரம் முணுமுணுக்கிறாள். பெண்ணின் வாழ்க்கை தொங்குகிறது, இவளுக்குப் பாட்டு.

"இஞ்சருங்கோ, தம்பி உங்களைத் தின்னவே போறான்?"

"நான் போகமாட்டன்."

"சரி, போகாதேங்கோ. பிள்ளை வீட்டில இருக்கட்டும். உங்கட அண்ணர் ஆரோ வட்டுக்கோட்டை மாப்பிள்ளையெண்டு எழுதியிருக்கிறார்."

மலர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

என் வெள்ளைச் சேர்ட் ஸ்திரி போட்டுக் கதிரையில் கிடக்கிறது. யார் கேட்டது?

13, ஞாயிறு

தூறல். போனேன்.

வாசலில் குடையோடு நின்றேன். ரா. சாரத்தோடு வந்தான். தொந்தி வைத்திருக்கிறது. டெனிஸ் எங்கே போனதோ.

"அத்தான்! உள்ள வாங்கோ, நனையாமல்."

"இலக்கத்தைச் சொல்லு. போறன்."

"இலக்கம் எங்க ஓடப்போகுது? இருங்கோ."

தானே அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தான். எனக்குச் சீனி இல்லாமல்.

"இதைக் குடிச்சால்தான் இலக்கமோ?"

"ஓம்."

வெட்கம் கெட்டவன். கண் சிமிட்டாமல் சொன்னான்.

"பேரமோ?"

"பேரம்தான் அத்தான். இந்த இரண்டு வருசமா அக்கா மாதத்தில ஒருக்கா இஞ்ச வாறா. இந்த வாசல்ல நிண்டு கதைச்சிட்டுப் போறா. ஒரு சொட்டுத் தண்ணி வாயில வைக்கேல்லை. அவர் குடிக்காத வீட்டில நான் குடியேன் எண்டு."

இது எனக்குத் தெரியாது. பண்டாரவளைச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போகிறாள் என்றுதான் இருந்தேன். ஐந்தாறு மைல் பஸ் குலுக்கத்தில் வந்து, மழையிலும் வெயிலிலும் இந்தப் படியில் நின்று, தொண்டை வறளத் திரும்பியிருக்கிறாள். என் வாய்க்காக.

குடித்தேன். ஒரே மூச்சில், கசாயம் குடிப்பதுபோல. நாக்கு சுட்டது. நாலு இலக்கங்களை ஒரு துண்டில் எழுதித் தந்தான். நன்றி சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. அது இன்னும் அருவருப்பு.

14, திங்கள்

வெயில். தபாலுக்கு முன் மலரைக் கூப்பிட்டு, நான் சொல்லச் சொல்லக் கூட்டில் எழுதச் சொன்னேன். கையெழுத்து அவளுடையதாக இருக்கவேண்டும்.

இரண்டு இலக்கம் சொன்னேன். நாலையும் எழுதி முடித்திருந்தாள்.

பார்த்தேன். துண்டு என் கையில்தான் இருந்தது.

"ஒவ்வொரு சோதனைத்தாளிலயும் மேல எழுதுறதுதானே அப்பா," என்றாள் நிலத்தைப் பார்த்து. "அம்மாதான் சொல்லவேண்டாம் எண்டவ."

அடுப்படியில் அம்மிச் சத்தம் நின்றது.

ஒரு கிழமை. பதுளை ரயில், கால் விரல்காரன், அந்த வடை. இரண்டு பெண்கள் என்னை வைத்து நாடகம் ஆடியிருக்கிறார்கள். ரா.வும் சேர்ந்தே இருக்கும். கத்தவேண்டும் என்று வாயைத் திறந்தேன். நாக்கு இன்னும் புண்.

படிவம் போயிற்று. முத்துசாமி கொண்டு போனான். காலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. புத்திசாலி.

மத்தியானம் மனைவி, என் முகத்தைப் பார்க்காமல்: "வாற ஞாயிறு தம்பியவை சாப்பிட வருகினம். ஆட்டிறைச்சி ஒரு இறாத்தல் காணும்."

காணாது. ஒரு இறாத்தல் அவனுக்கே போதாது. அவன் தொந்தியைப் பார்த்தவன் நான். கடைக்காரனுக்கு ஒன்றரை இறாத்தல் சொல்லியனுப்பினேன். தின்னட்டும்.