கிணற்றில் போட்ட சாவி

ஜூலை 4

அடி வாயாடி,

பன்னிரண்டு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்து மயக்கம் போட்டு விழாதே. ஒன்பதாம் வகுப்புப் புதிய தமிழ்ப் புத்தகத்தைப் பிரித்தால், நாற்பதாம் பக்கத்தில் உன் பெயர்! 'இரண்டு சாவிகள்' என்று உன் கவிதை! ஆசிரியர் அறையில் நான் போட்ட கூச்சலில் கணக்கு டீச்சரின் தேநீர் கொட்டிவிட்டது.

நேற்று அதை நடத்தினேன். 'கையில் இரண்டு சாவிகள். ஒன்றைக் கிணற்றில் எறிந்தேன்' என்று தொடங்குகிறதே. உரைநூலில் சாவி என்றால் ஆசை, கிணறு என்றால் காலம், ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றதைத் துறக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. நானும் தலையாட்டிக்கொண்டே கரும்பலகையில் எழுதினேன். கடைசி பெஞ்சுக்காரி எழுந்து, "டீச்சர், அவங்க நிஜமாவே சாவியத் தூக்கிக் கிணத்துல போட்டிருந்தா?" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாம் சேர்ந்து வாடகைக்குப் பிடித்த தையல்கடையின் சாவி உன்னிடம்தான் இருந்தது. திறப்பு நாளன்று காலை எட்டு மணியிலிருந்து மத்தியானம் வரை பூட்டிய கதவின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நீ வங்கி வேலைக்குப் போய்விட்டாய் என்று உன் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. சொல்லடி, நிஜமாகவே போட்டாயா?

உன் குண்டூசி

ஜூலை 11

என் தங்கக் குண்டூசி,

கவுன்டரில் வரிசை நிற்கும்போதே உன் கடிதத்தைப் பிரித்துவிட்டேன். மேலாளர் முறைத்தார், முறைக்கட்டும்! சந்தோஷத்தில் எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.

போட்டேன். எங்கள் வீட்டுக் கொல்லைக் கிணற்றில்தான். இன்னொரு சாவி வேண்டுமானால் உருவகம், அது வங்கி வேலை. கிணற்றில் போட்டதில் உருவகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எல்லோரும் ஆகா ஓகோ என்கிறார்கள், நானும் வாயை மூடிக்கொண்டு மாலை வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று நான் தெருமுனைவரை வந்தேன். நீ பெயர்ப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாய். என் பையில் வேலை உத்தரவு. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல் திரும்பிவிட்டேன். கவிதையின் கடைசியில் மூடிய கதவருகே ஒரு பறவை காத்திருக்குமே, அது நீ. உன்னை எழுதத் தெரிந்த எனக்கு உன்னிடம் வரத் தெரியவில்லை. மன்னிப்பாயா?

உன் வாயாடி

ஜூலை 16

அடி பாவி,

பறவைக்கு உரைநூல் 'ஆன்மா' என்கிறது. இன்று வகுப்பில் சொல்லிவிட்டேன்: "அந்தப் பறவை நான்தான்!" ஒரே ரகளை. கடைசி பெஞ்சுக்காரி மேசையைத் தட்டிய தட்டில் பக்கத்து வகுப்பிலிருந்து கணக்கு டீச்சர் ஓடி வந்தார். "அப்ப பரீட்சைல எத எழுதறது டீச்சர்?" என்று முதல் பெஞ்சு கேட்டது. ஆன்மாவையே எழுதுங்கள் என்றேன். இரண்டு மதிப்பெண்ணை விடுவானேன்?

ஆனாலும் உன்மேல் கோபம்தான். வேலைக்குப் போனதற்கு இல்லை. தெருமுனைவரை வந்து திரும்பினாய் பார், அதற்கு. இன்னும் நாலு அடி நடந்து வந்து சொல்லியிருந்தால், "போடி, நல்லபடியா போயிட்டு வா" என்று நானே பேருந்தில் ஏற்றிவிட்டிருப்பேன். அழுதிருப்பேன், அது வேறு. எதைத் தேர்ந்தெடுத்தாய், எதை விட்டாய் என்று கவிதையில் எல்லாம் எழுதினாய். நான் உன்னைச் சந்தோஷமாக அனுப்பியிருப்பேன் என்பது மட்டும் உனக்குத் தோன்றவே இல்லை.

மன்னிப்பைத் தபாலில் அனுப்ப மாட்டேன். சனிக்கிழமை பள்ளி விடுமுறை. வீட்டுக்கு வந்து, என் முகத்தைப் பார்த்துக் கேள்.

குண்டூசி