நாற்பதாம் பக்கத்துத் தனியாள்

மார்ச் 3

ஜோசியருக்கு,

நான் நலம். உங்க நலத்தை உங்க ஆபீஸ் அச்சடிச்ச ‘வரும் முப்பது ஆண்டுகள்’ அறிக்கையிலயே படிச்சுட்டேன். எங்க முதியோர் இல்லத்துக்கும் ஒரு பிரதி வந்தது. தலைமை நர்ஸுன்னு என் மேஜையில வெச்சாங்க. பக்கம் நாற்பது: ‘தனியாள் வீடுகள் பெருகும். உதாரணம், ஐம்பது வயது அதிகாரி ஒருவர். நின்றபடியே சாப்பிடுகிறார். ஃப்ரிட்ஜுடன் பேசுகிறார்.’

தனியாளா? அப்ப நான் யாரு? போன மாசம் லீவுல வந்து அந்த ஃப்ரிட்ஜைக் கழுவினது பேயா? நான் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தேன், உங்களைத் தலைமுழுகிட்டு வரலை. போன்ல கேட்டா கத்திடுவேன், அதான் எழுதறேன்.

வாயாடி


மார்ச் 9

அன்புள்ள வாயாடிக்கு,

கோபப்படாதே தாயே! கணக்கெடுப்புப் படிவத்துல கேள்வியே ‘நேற்றிரவு இந்த வீட்டில் தூங்கியவர் எத்தனை பேர்?’ என்பதுதான். விதிப்படி ஒண்ணுன்னு எழுதினேன். உதாரணத்துக்கு ஆள் கிடைக்கலை, என் படிவத்தையே போட்டுட்டேன்.

கடைசி அட்டவணையைப் பார்த்தியா? வளரும் தொழில்ல முதலிடம் முதியோர் பராமரிப்பு. தேயும் தொழில்ல முதலிடம், கணிப்பு எழுதும் அலுவலர். அதை டைப் அடிச்சவனும் நான்தான்.

நீ திரும்பி வர அறுபது சதவீதம் வாய்ப்புன்னு போட்டு வெச்சிருக்கேன்.

உன் கணவன்


மார்ச் 15

என்னங்க,

அறுபதை அழிச்சுட்டு பூஜ்யம் போடுங்க. இங்க நூத்தி இருபது பேர் என் முகத்தைப் பார்த்தாத்தான் மாத்திரை முழுங்கறாங்க. ஐம்பத்தாறாம் பக்கத்துல நீங்களே எழுதியிருக்கீங்க: ‘மனைவிக்கு வேலை கிடைக்கும் ஊருக்குக் குடும்பங்கள் நகரும்.’ எழுதினா ஆச்சா? நகருங்க!

ஊருக்கெல்லாம் துணையா இருக்கேன். எனக்கும் ஒரு ஆள் வேணுங்க. வெட்கத்தை விட்டுச் சொல்லிட்டேன்.

வாயாடி


ஏப்ரல் 2

அன்புள்ள வாயாடிக்கு,

மாற்றல் கேட்டேன். காரணம் எழுதற இடத்துல மூணே கட்டம்: உடல்நலம், பதவி உயர்வு, இதர. உன்னை ‘இதர’ல போட்டா நான் உயிரோட இருக்க முடியுமா? ஓரத்துல கையால எழுதினேன்: ‘பொண்டாட்டி இல்லாம முடியலை.’ இருபத்தேழு வருஷ சர்வீஸ்ல ஓரத்துல எழுதினது இதுதான் முதல் தடவை. மேலதிகாரி ரெண்டு தரம் படிச்சார், மூக்கை உறிஞ்சிட்டு சீல் குத்தினார்.

உங்க ஊர்க் கிளையில பழைய ஃபைல் அடுக்கற வேலையாம், ஒரு படி கீழே. சரின்னுட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில வந்துடுவேன். இது கணிப்பு இல்லடி, டிக்கெட் எடுத்தாச்சு.

உன் ஆள்